ஓடவிடாதவனின் அம்மா

1

அமெரிக்காவில் என் குரலுக்குத் தனியாக ஒரு கோப்பு இருக்கிறது. பாஸ்போர்ட், நர்ஸ் உரிமம், கார் ஓட்டும் உரிமம் என்று எத்தனையோ காகிதங்களில் இந்த நாடு என்னைப் பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் கழகத்தின் கணினியில் இருக்கும் பதிவுதான் என்னைச் சரியாகச் சொல்கிறது. சம்பவம்: ஆட்டத்தின் நடுவே பார்வையாளர் எழுப்பிய ஒலி. ஒலியின் வகை: விவசாயம் சார்ந்தது. அந்த வகையை நிரப்பிக் கொடுத்தது நானேதான். ஏன் அப்படி நிரப்பினேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மைதானத்துக்கு வரக்கூடாது என்று என் மீதிருந்த தடை சென்ற வாரம் நீங்கியது. "விடுதலை ஆயிட்டயா? மாலை கீலை வாங்கியாரட்டுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர், மலையடிவாரம். நான் மேலே, கொல்லிமலையில் குண்டனி நாட்டில் பிறந்தவள். எங்கள் பக்கத்துப் பெண் கல்யாணமாகி அடிவாரத்துக்கு இறங்கினாலே "தூரமா குடுத்துட்டாங்க" என்பார்கள். நான் இறங்குகிற வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறங்கி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் இந்த அமெரிக்கச் சிற்றூரில் வந்து நின்றேன். டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் வேலை. ஒரே மகன், வேலன். பதினான்கு வயது. பள்ளியில் அவன் 'வேல்'. வீட்டில் நான் மட்டும் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அதுவும் திட்டும்போதுதான் கூப்பிடுகிறேனாம். அவன் புகார்.

2

வேலன் பேஸ்பாலில் கேட்சர். நம் ஊரில் இதை வாசிப்பவர்களுக்குக் கிரிக்கெட் தெரியும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்த மைதானத்தில் நான்கு மூலைகள். மூலைக்குப் பேஸ் என்று பெயர். மட்டையால் அடித்தவன் ஒவ்வொரு பேஸாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பேஸில் நிற்பவன், யாரும் பந்தை அடிக்காமலேயே, பந்து வீசுகிற நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடலாம். அதற்குத் திருட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டம் அனுமதித்த திருட்டு.

அந்தத் திருட்டைத் தடுப்பவன்தான் கேட்சர். நம் விக்கெட் கீப்பரைப்போல மட்டையடிப்பவனுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். திருடன் கிளம்பினால், பந்தைப் பிடித்த கையோடு எழுந்து மைதானத்தின் குறுக்கே இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டும். பந்து முந்தினால் திருடன் அவுட்.

முதன்முதலில் வேலனை அந்தக் கோலத்தில் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. குத்தவைத்து உட்காரவே தெரியாத தேசத்தில் என் பிள்ளை மட்டும் இவ்வளவு நேரம் உட்கார்கிறானே, மலை ரத்தம் இல்லாமல் இது வருமா என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எதிர் டீம்லயும் ஒருத்தன் அப்படித்தான் உக்காந்திருக்கான், பாரு" என்றார் அவர். நான் பார்க்கவில்லை.

கழகத்துக்குச் செல்போன் செயலி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பையன்களின் கணக்கு அதில் ஏறும். 'திருடும்போது பிடித்தவை' என்று ஒரு கட்டம். எங்கள் அணியின் இன்னொரு கேட்சருக்கு அந்தக் கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. வேலனுக்குப் பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம். பரீட்சைத் தாளில் முட்டை வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் இனிப்புப் பலகாரமான கச்சாயத்தை ஒரு டப்பா சுட்டு எடுத்துக்கொண்டு கோச்சைப் பார்க்கப் போனேன்.

"என் பையன் இந்தப் பாடத்தில் வீக். தனி வகுப்பு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

கோச் நல்ல மனிதர். கச்சாயத்தைக் கடித்துக்கொண்டே, "அவன் உட்கார்ந்திருக்கும்போது யாரும் ஓடுவதில்லை. ஓடினால்தானே பிடிக்க முடியும்?" என்றார்.

"அப்படியென்றால் அதற்கு எங்கே மார்க் போடுவீர்கள்?"

"ஓடாதவர்களை எப்படி எண்ணுவது? அதற்குக் கட்டம் கிடையாது."

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. வீக்கான பிள்ளையின் தாய் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்றே நினைத்தேன். திரும்பும்போது வேலனும் காரில் இருந்தான். "பிராக்டிஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "ஃபைன்" என்றான். சின்ன வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் தமிழில் நச்சரித்த பிள்ளை. இப்போது எது கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில். சாப்பாடு ஃபைன், பள்ளிக்கூடம் ஃபைன், காய்ச்சலும் ஃபைன். அவன் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, எந்த ஆட்டத்தையும் விடாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

3

கோப்பு திறக்கப்பட்ட நாளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் மலையின் கூப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சாமையோ மரவள்ளிக் குச்சிக்கிழங்கோ வாழையோ, விளையும் பருவத்தில் காட்டைக் காவல் காக்க வேண்டும். கிழங்குக்குப் பன்றி, வாழைக்குக் குரங்கு. பரண்மேல் ஆள் உட்கார்ந்திருக்கும். அசைவு தெரிந்தால் ஒரு கூப்பாடு போட வேண்டும். அடிவயிற்றில் புறப்பட்டு, நடுவில் உடைந்து, உச்சியில் போய் நீளும் சத்தம் அது. ஒரு காட்டில் போட்டால் அடுத்த காட்டுக்காரர் வாங்கிப் போட வேண்டும், அவரிடமிருந்து அதற்கடுத்தவர். வாங்கிப் போடாதவர் தூங்கிவிட்டார் என்று மறுநாள் ஊரே பேசும். எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல பெயர். நான் போட்டால் மூன்றாவது மேட்டுக்கு நேராகவே போய்விடும், நடுவில் யாரும் வாங்கிப் போட வேண்டியதில்லை என்பார்கள். நர்ஸ் படிப்பில்கூட அவ்வளவு பாராட்டு வாங்கியதில்லை.

அன்றைக்குக் கடைசிச் சுற்று. இரண்டு அணிக்கும் சம ரன். எங்கள் பையன் பந்து வீசத் தயாராக நின்றான். எதிரணியில் ஒரு நெட்டைக்கால் பையன், முழங்கால் வரை சிவப்புக் காலுறை, மூன்றாம் பேஸில் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து ஓடி வந்தால் வேலன் உட்கார்ந்திருக்கும் இடம்தான். அவன் பேஸை விட்டு இரண்டடி வைத்தான். மூன்றடி வைத்தான். குனிந்தான். கையை ஆட்டினான். வாழைத்தோப்பு ஓரத்தில் இறங்கும் கடுவன் குரங்கு எப்படி நடந்து வருமோ அப்படியே வந்தான்.

அவன் காலைத் தூக்கியதுதான் எனக்குத் தெரியும். நான் எழுந்ததோ வாயைத் திறந்ததோ எனக்குத் தெரியாது.

"ஊஊஉய்ய்ய்... ஓஓஹோஓஓய்ய்ய்!"

சிவப்புக் காலுறை அப்படியே குப்புற விழுந்தான். அதுவரை எல்லாம் சரி. ஆனால் வீசுவதற்குக் கையைத் தூக்கிய எங்கள் பையனும் திடுக்கிட்டுப் பாதியில் நின்றுவிட்டான். பந்து அவன் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. வீச ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது இந்த விளையாட்டில் ஒரு பெரிய சட்டமாம். நிறுத்தினால் பேஸில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அடுத்த பேஸ் இலவசம். அம்பயர் கையை நீட்டினார். குப்புற விழுந்தவன் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, நடந்தே வந்து ரன் எடுத்தான். நாங்கள் தோற்றோம். திருடனை நானே கைப்பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

மைதானத்தில் என் கூப்பாட்டை யாரும் வாங்கிப் போடவில்லை.

விழுந்த பையனின் அம்மா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னேன்: "பயப்படாதீர்கள். அது பன்றிகளைப் பார்த்தால் போடும் சத்தம்."

வெளிறிய முகம் சிவந்தது. நல்லெண்ணத்தோடு நான் சொன்ன ஒரு வாக்கியம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

யாரோ ஒரு பையன் அதைச் செல்போனில் பிடித்திருந்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க என் குரல். வேறு பள்ளிகளுக்கும் போனது. சிலர் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். வேலன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக் கீழே வைக்காமலேயே சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, அவர்கள் உனக்குத் தடை போடுவார்கள். தடை முடிந்த பிறகும் நீ வர வேண்டாம். ப்ளீஸ்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் ப்ளீஸ் சொன்னான். நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

4

தடை வந்தது. கூடவே ஒரு படிவமும் வந்தது. 'ஒலியின் வகை' என்ற கேள்விக்குக் கீழே தேர்ந்தெடுக்க நான்கு பதில்கள்: வசை, மிரட்டல், கேலி, வேறு. வேறு என்றால் விளக்க வேண்டும். நான் வைதேனா? இல்லை. மிரட்டினேனா? பன்றியாக இருந்தால் ஆமாம். நெடுநேரம் யோசித்து, 'விவசாயம் சார்ந்தது' என்று எழுதினேன். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார். மனிதர் அப்படிச் சிரித்து வெகு காலமாகிறது.

அடுத்தது இணையவழி வகுப்பு, பார்வையாளர் ஒழுக்கம் குறித்து. முடிவில் பரீட்சை. அம்பயர் உங்கள் பிள்ளைக்கு எதிராகத் தவறான தீர்ப்புச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் 'மரியாதையாக எடுத்துச் சொல்வேன்' என்பதைத் தொட்டேன். தவறு. 'எதுவும் சொல்லமாட்டேன்' என்பதுதான் சரி. அடுத்த கேள்விக்கும் அதுவே சரி. எல்லாக் கேள்விக்கும் அதுவேதான் சரி என்று கண்டுபிடிப்பதற்குள் ஒருமுறை தோற்றுப்போனேன். டயாலிசிஸ் தேர்வை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள் நான்.

ஆட்டத்துக்கு வரக்கூடாது, சரி. பையனைக் கொண்டுபோய் யார் விடுவது? சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு வேலை. கார் நிறுத்துமிடம் மைதானத்தில் சேருமா என்று கழகத்துக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரிடம் மாற்றினார், அவர் வேறொருவரிடம் மாற்றினார். கடைசியில் ஓர் அம்மாள், "காருக்குள் இருக்கலாம். கண்ணாடியை ஏற்றி வைத்திருக்க வேண்டும்" என்றார்.

"வெயில் அதிகமாக இருந்தால்?"

அதையும் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "ஏசி போட்டுக்கொள்ளுங்கள்."

ஆக, ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து, வேலி வழியாக என் மகனின் ஆட்டத்தைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியாமல்தான். நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. என் சத்தமும் வெளியே போக வழியில்லை. அப்போதுதான் முதன்முறையாக அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தேன். அதுவரை நான் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஒவ்வொரு சுற்றும் தொடங்குவதற்கு முன்னால், யாரும் பேஸில் இல்லாத நேரத்தில், இரண்டாம் பேஸுக்கு ஒரு பந்தை விசையாக எறிகிறான். வீணாகக் கையை நோகடிக்கிறானே என்று நினைத்தேன். பிறகுதான் எதிரணிப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்ப்பது கண்ணில் பட்டது. அவர்களுக்காகத்தான் எறிகிறான். பேஸில் ஆள் வந்துவிட்டால் உட்காரும் விதம் மாறுகிறது. இடுப்பைக் கொஞ்சம் உயர்த்தி, வலது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து, எழத் தயாராக இருக்கிறான். தொடையிடுக்கில் விரலைக் காட்டிப் பந்து வீசுகிறவனிடம் ஏதோ சொல்கிறான். அவன் ஒருமுறை சட்டென்று வீசுகிறான், அடுத்த முறை பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். ஓடக் காத்திருப்பவனுக்கு நேரம் பிடிபடாமல் போகிறது. ஓடப் போகிறான் என்று சந்தேகம் வந்தால், மட்டைக்கு எட்டாமல் வெளியே தள்ளிப் பந்தைப் போடச் சொல்லி, வேலன் பாதி நின்ற நிலையிலேயே அதை வாங்குகிறான். எறிவதற்குத் தோதாக.

ஒரு பையன் முதல் பேஸை விட்டுக் கொஞ்சம் அதிகமாகவே வெளியே வந்து, அடுத்த பேஸையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலன் பந்தை வாங்கிய கையோடு, எழுந்திருக்காமலேயே, முழங்காலில் இருந்தபடியே அவன் முதுகுக்குப் பின்னால் முதல் பேஸுக்கு எறிந்தான். அவன் விழுந்தடித்துத் திரும்பினான். தப்பித்துவிட்டான். கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் அந்தச் சுற்று முடிகிறவரை அவன் பேஸை விட்டு அதிகம் நகரவில்லை.

கோச் பொய் சொல்லவில்லை. கச்சாயத்துக்காக இரக்கப்படவும் இல்லை. என் பிள்ளையின் பூஜ்யம் எப்படி உண்டாகிறது என்று நான் கண்ணால் பார்த்தேன். காருக்குள் தனியாக அழுதேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் சட்டப்படி அதிலும் குற்றமில்லை.

5

ஜூலையில் ஊருக்குப் போனோம். காளப்பநாயக்கன்பட்டியில் மாமனார் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மலைக்கு பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி வேலனை ஒரு வாரமாகப் பயமுறுத்தி வைத்திருந்தேன். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் அவன் மடியில் கொடுத்திருந்தேன். பாதி மலையில் அந்தப் பையை நான்தான் வாங்கிக்கொண்டேன். மலையில் பிறந்தவள் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்த பிறகு.

என் அண்ணன் மாரிமுத்து அங்கே வாழையும் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கிறார். போன உடனே காட்டைப் பார்க்கப் போனேன். வாழைத்தோப்பு ஓரத்தில், பலாமரத்தடியில் ஒரு கல்லின்மேல் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. அதிலிருந்து விடாமல் நாய் குரைத்தது.

"என்னண்ணா இது?"

"அதா? செல்லுல நாய் குரைக்கறதப் பதிஞ்சு போட்டிருக்கேன், அம்மிணி. இப்ப எல்லாக் காட்டுலயும் இதேதான். ஆரு உக்காந்து கத்தறது?"

"குரங்கு பயப்படுதா?"

"மொத ரெண்டு நாளு பயந்துச்சு. இப்ப அந்தப் பொட்டி மேலயே உக்காந்துதான் பழம் திங்குது."

சரியான நேரம் என்று பட்டது. வெளிநாட்டில் என் கூப்பாட்டுக்கு மரியாதை இல்லாமல் போகலாம். இது என் மண். பலாமரத்தில் ஒரு கூட்டம் இருந்தது. காலை அகட்டி நின்று, மூச்சை இழுத்து, மலையே கேட்கிற மாதிரி ஒன்று போட்டேன்.

ஒரு குரங்கு என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பழத்தை உரித்தது. பக்கத்துக் காட்டிலிருந்து யாரும் வாங்கிப் போடவில்லை. சற்று நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் பெரியசாமி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏனுங்க, ஆரையாவது பாம்பு கடிச்சிருச்சுங்களா?"

வேலன் விழுந்து விழுந்து சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு என் முன்னால் சிரித்தான். அதனால் எனக்கு அவமானம் அவ்வளவாகத் தெரியவில்லை.

மலையில் அவன் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. பொழுது போகாமல் பேஸ்பால் கையுறையும் பந்தும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போக ஆரம்பித்தான். வாழைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தகர டின் கவிழ்ந்து கிடந்தது. காலையில், குரங்குகள் இன்னும் மரத்திலிருந்து இறங்காத நேரத்தில், தோப்பு முனையில் குத்தவைத்து உட்கார்ந்து, எழுந்து, அந்த டின்னைப் பார்த்து எறிவான். டின் அலறும். மறுபடியும் எறிவான். மறுபடியும் அலறும். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பான்.

மரத்தில் இருந்த அத்தனையும் அவனையே பார்த்தன. ஒன்று மெதுவாக இறங்கி, தரையில் கைவைத்தது. வேலன் எறியவில்லை. கத்தவில்லை. வலது காலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினான், அவ்வளவுதான். அது மேலே ஏறிவிட்டது.

"அடேயப்பா! மாப்ள, இதென்ன வித்தை?" என்றார் அண்ணன். மறுநாள் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார். அதற்கு மறுநாள் பெரியசாமி வந்தார்.

"மாரிமுத்து, உன்ற அமெரிக்கா மருமகன் எல்லாக் குரங்கையும் என்ற காட்டுக்கு அனுப்பிச்சுட்டானப்பா. இதென்ன நாயம்? நாளைக்கு எங்க தோப்புலயும் வந்து கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு. சாமி, வாரியா?"

"வாரனுங்க" என்றான் வேலன். நான் எந்த வகுப்பில் சேர்த்தும் கற்றுக்கொடுக்காத தமிழ்.

நானும் ஒருநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குத்தவைக்க முயன்றேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. கல்லில் உட்கார்ந்துகொண்டு, "அது கிட்ட வரும்போது எறிஞ்சா என்னடா?" என்று கேட்டேன்.

அவன் பாதி ஆங்கிலமும் பாதி மலைத் தமிழுமாகச் சொன்னான். "ஓட ஆரம்பிச்சுட்டா அப்பறம் கஷ்டம்மா. நான் எவ்வளவு நல்லா எறிஞ்சாலும் பாதி தடவை அவன்தான் ஜெயிப்பான். அவன் ஓடறதுக்கு முன்னாடியே, ஓடலாமா வேண்டாமான்னு நினைக்கறப்பவே, நான் இங்க இருக்கேன்னு அவனுக்கு ஞாபகம் வரணும். அதுதான் வேலை." பந்தைக் கையுறைக்குள் தட்டினான். "நீ எப்பவும் ஓடுன அப்பறம்தான் கத்தற."

அவன் குரங்கைப் பற்றித்தான் சொன்னான். எனக்கோ வேறெங்கோ போய்த் தைத்தது. அவன் அறைக்கதவைச் சாத்திய பிறகு கத்தினேன். தமிழ் பேசுவதை விட்ட பிறகு கத்தினேன். ஒவ்வொரு முறையும் அவன் அடுத்த பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தான். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்த நேரம் என்று யோசித்தால், அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் அவனுக்குத் தெரியாது.

சொல்லிவிட்டேன். காரில் இருந்து பார்த்தேன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எல்லா ஆட்டத்தையும் என்று.

"எல்லாத்தையுமா?"

"ஆமா. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகவே இல்லை. நீ அந்தப் பையன் முதுகுக்குப் பின்னால எறிஞ்சதக்கூடப் பார்த்தேன். முழங்கால் போட்டுக்கிட்டே."

ஒரு குரங்கு இறங்கப் பார்த்தது, அவன் காலை நகர்த்தினான்.

"தடை முடிஞ்சப்பறம் நான் வரலாமா?" என்று கேட்டேன். முதலில் கேட்டுவிட்டுப் பிறகுதான் வெட்கப்பட்டேன்.

"யோசிக்கறேன்" என்றான்.

6

யோசித்து, சென்ற சனிக்கிழமை வரச் சொன்னான். ஒரே ஆட்டம், பரீட்சை மாதிரி. நிபந்தனை: வாயைத் திறக்கக்கூடாது. காளப்பநாயக்கன்பட்டியில் வாங்கி வந்த கடலை மிட்டாயில் கெட்டியானதாகப் பார்த்து ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். அம்பயர் என்னைப் பார்த்தார். நான் கன்னத்தில் இருந்த உப்பலைக் காட்டினேன்.

எதிரணி அதே அணி. நாங்கள் ஒரு ரன் முன்னால். கடைசிச் சுற்றில் சிவப்புக் காலுறைப் பையன் முதல் பேஸுக்கு வந்தான். கோடையில் இன்னும் வளர்ந்திருந்தான். அவன் இரண்டாம் பேஸைத் திருடினால், அடுத்த அடியில் ஆட்டம் சமம். அவர்களுடைய கோச் ஓரத்தில் நின்று ஓடு, ஓடு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். வேலன் இடுப்பை உயர்த்தினான். காலைப் பின்னால் வைத்தான். விரலைக் காட்டினான். எங்கள் பையன் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். சிவப்புக் காலுறை இரண்டடி வைத்தான், மூன்றடி வைத்தான்.

எனக்கு அடிவயிற்றில் கூப்பாடு கிளம்பியது. மிட்டாயை இறுகக் கடித்தேன். கடித்த வேகத்தில் முழங்கை பட்டு, பக்கத்தில் இருந்த என் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் உருண்டு பெஞ்சுக்குக் கீழே போனது. அதை எடுக்க எழுந்தேன். வேறு எதற்கும் இல்லை, பாட்டிலுக்காக மட்டும்தான் எழுந்தேன்.

சிவப்புக் காலுறை என்னைப் பார்த்தான். அடுத்த நொடி, யாரும் எதுவும் செய்யாதபோது, பின்பக்கமாகப் பாய்ந்து முதல் பேஸை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். புழுதி பறந்தது. பந்து வீசுகிறவன் அசையவே இல்லை, பந்து அவன் கையில்தான் இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு அவன் பார்த்த திசையில் என்னைப் பார்த்தார்கள். அம்பயர் முகக்கூண்டைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நான் ஒரு கையில் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, மறு கையால் வாயைச் சுட்டிக்காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கூண்டை மாட்டினார். எந்தப் படிவத்திலும் எழுந்து நிற்பதற்குக் கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு அவர்களுடைய கோச் தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பையன் பேஸை விட்டு ஒன்றரை அடிக்கு மேல் வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம். கம்பிக்கூண்டுக்குள் வேலனின் முகம் எனக்குத் தெரியவில்லை, தோள் குலுங்குவது தெரிந்தது.

காரில் செயலியைத் திறந்து பார்த்தேன். திருடும்போது பிடித்தவை: பூஜ்யம். பிள்ளை வாங்கிய முட்டைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்றும் பேசாமல் ஓட்டினேன். எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. சோளக்காடு முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் அவனாகவே பேசினான்.

"அடுத்த சனிக்கிழமை உனக்கு டூட்டியா?"

"ஆமா. ஏன்?"

"மாத்திக்க. மொதல் பேஸ் பக்கமா, முன்னாடி உக்காரு. அவனுங்களுக்கு நீ தெரியணும்."

சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். அவன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"கத்தணுமா, கண்ணு?"

"வேண்டாம்மா. எந்திரிச்சு நின்னாப் போதும்."